முகம் கலைந்த சிப்பாய்

மறுபடியும் கால் ஏறிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்குவதற்குள் அணைக்க வேண்டுமென்று நின்றுகொண்டிருந்தவன் சும்மா கீழே பார்த்தேன். வலது பாதம் இடது பாதத்தின்மேல் ஏறிச் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. எப்போது ஏறியது, யாரைக் கேட்டு ஏறியது, ஒன்றும் தெரியாது. எடுத்துத் தரையில் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். அறுபதைத் தாண்டிய ஆள், சமையலறையில் தன் காலுக்குத் தானே காவல் நிற்கிறேன், பார்க்க யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நல்லதாகப் போயிற்று என்று எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில். சுலோச்சனா இருந்திருந்தால் "காலை ஏன் முறைக்கிறீங்க, அது என்ன பண்ணிச்சு உங்களை" என்று கேட்டிருப்பாள். என் மனைவி போய் இது மூன்றாவது மார்கழி. வெளியே கூட்ஸ் ஒன்று போகிறது. காலி வண்டி. அரக்கோணத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவனுக்குச் சத்தமே சொல்லிவிடும், அதுவும் ஆயுசில் பாதியைக் கூட்ஸ் கார்டாகக் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து கழித்தவனுக்கு. இன்னும் விளக்கு வைக்கும் நேரம் ஆகவில்லை. அப்போதுதான் மதி கூப்பிடுவாள். என் மகள், வான்மதி. டொராண்டோவில் அவளுக்கு அது காலை, சரியாக விடிந்துகூட இருக்காது, ஆபீசுக்குக் கிளம்பும் முன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். நேற்று தூங்கப் போகும்முன் பேசி அனுப்பியிருந்தாள், நான் எழுந்து கேட்டேன். "அப்பா, அவங்ககிட்ட இருந்த படம் எல்லாம் முடிஞ்சுடுச்சு. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நான் ஒருத்தரை முடிவு பண்ணிட்டேன், நீங்க சரின்னு சொன்னா பிரேம் போட்டுடலாம்." அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று அந்தப் போனுக்குத்தான் தெரியும். முடிஞ்சுடுச்சு என்னும்போது குரலில் இருந்தது வருத்தமா, அலுப்பா, வெறும் தூக்கமா. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவாள். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அங்க மழையா, சரிப்பா வெச்சிடட்டா. அந்த வெச்சிடட்டாவுக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் வரும், அதில் நான் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தவிப்பேன், தெருவில் கால்வாய் தோண்டுகிறார்கள், எதிர்வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, இப்படி. நாய் எத்தனை குட்டி போட்டது என்று கேட்பாளா என்று பார்ப்பேன். கேட்கமாட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவளும் அங்கே தனி ஆள்தான், கல்யாணப் பேச்சை எடுத்தால் வெச்சிடட்டா இன்னும் சீக்கிரம் வரும், அதனால் எடுப்பதை விட்டுவிட்டேன். அப்புறம்தான் போன மாதம் ஒரு நாள், ஞாயிறுகூட இல்லை, கூப்பிட்டாள். அவள் ஆபீசில் எல்லாரும் சட்டையில் சிவப்புப் பூ குத்திக்கொண்டு வந்தார்களாம், சண்டையில் செத்தவர்களுக்காக. உங்க வீட்டில் யாராவது உண்டா என்று ஒருத்தி கேட்டாளாம். "நம்ம வீட்ல ஒருத்தர் உண்டுல்லப்பா, சுவத்துல இருப்பாரே, தொப்பி போட்டுக்கிட்டு. அவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா, அசிங்கமாப் போச்சு." எனக்கு மட்டும் என்ன தெரியும். என் அப்பாவின் அப்பா. முனிரத்தினம். பர்மா சண்டைக்குப் போனார், பாலம் கட்டுகிற படையில் இருந்தார், அப்போது என் அப்பா துரைக்கண்ணு வயிற்றில். போனவர் வரவில்லை. பிணமும் வரவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கே அவள் எங்கேயோ தேடி, வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் அந்தப் படை ஆட்களை எடுத்த படங்கள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாளிலிருந்து தினமும் படம், தினமும் போன். "அப்பா இவரா, மூணாவது வரிசை, மூக்கைப் பாருங்க." "சீ, அவன் பஞ்சாபி மாதிரி இருக்கான்." "அப்பா நீங்க கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க." படம் பார்க்கும் சாக்கில் மற்றதெல்லாம் வந்தது. மேல்மாடிக்காரன் விடியற்காலையில் தரையை இழுத்துத் தேய்ப்பது, வேலையில் அவளுக்கு மேலே இருப்பவள் பேச்சிலேயே குத்துவது, அம்மா வைத்த வத்தக்குழம்பு அவளுக்கு வரமாட்டேன் என்பது. ஒரு நாள் அழக்கூட அழுதாள், எதற்கென்று சொல்லவில்லை, நானும் கேட்காமல், கடைசி ஆளின் பெல்ட்டைப் பாரேன் எப்படித் தொங்குது என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். பெற்று வளர்த்த இத்தனை வருஷத்தில் அவளோடு இவ்வளவு பேசியதில்லை. செத்துப்போன ஒரு ஆள், முகம் தெரியாத ஆள், எனக்கு என் பெண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரைப் போய் நான் என்ன செய்தேன்.

இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டேன். சொல்லவில்லை. அன்று அவள் அனுப்பியது ஆற்றங்கரைப் படம். படத்தின் கீழே என்ன ஆறு என்றுகூட எழுதவில்லை, இந்தியச் சிப்பாய்கள், சாப்பாட்டு வேளை, அவ்வளவுதான். தண்ணீரில் பாதிப் பாலம் நிற்கிறது. கரையில் ஆட்கள், பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிவிட்டு, கையில் தகரத் தட்டோடு. சிலர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் மட்டும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறார். படம் பிடிக்கிற நேரத்துக்கு அவர் தலையைத் திருப்பிவிட்டார், அதனால் கழுத்துக்குமேல் முகம் இல்லை, ஈரக் கையால் துடைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல். மதி அவரைத் தாண்டிப் போய்விட்டாள். "இவருக்கு மூஞ்சே இல்லப்பா, விடுங்க, அடுத்தவரைப் பாருங்க." நான் அடுத்தவரைப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் அவரிடம் தெளிவாக இருந்தது. தட்டு, முழங்கை, ஒல்லிக் கெண்டைக்கால், சேற்றில் இடது கால், அந்த இடது காலின்மேல் வலது கால். ஏறி, சொகுசாக. என் அப்பா கண்ணாடியைச் சுவரில் மாட்டி முகம் மழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் நிற்பார். அவருடைய அம்மா உள்ளேயிருந்து கத்துவது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னாடா அப்பன் மாதிரியே காலை மிதிச்சிக்கினு நிக்கிறே? அந்தாளும் இப்பிடித்தான், நின்னா ஒரு காலுக்கு இன்னொரு கால் பாரம்." அப்பன் மாதிரி. அப்பனைக் கண்ணால் பார்க்காத பிள்ளையிடம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மேஜைக்குக் கீழே மெதுவாகக் குனிந்து பார்த்தேன், என் கால் எங்கே இருக்கிறதென்று. பயந்துகொண்டேதான் பார்த்தேன். அங்கேதான் இருந்தது. போன் இன்னும் கையில், மதி கேட்கிறாள், "என்னப்பா, யாராவது தெரியறாங்களா?" "இல்லம்மா, அடுத்தது அனுப்பு" என்றேன். நான் யோசித்துச் சொன்னதில்லை அது, வாய் தானாகச் சொன்னது, கண்டுபிடித்தாகிவிட்டது என்றால் நாளைக்கு அவள் எதற்குக் கூப்பிடுவாள் என்பது மனதுக்கு முன்னால் வாய்க்குத் தெரிந்துவிட்டது. அடச்சே, பால். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இதற்குத்தான் இவ்வளவு நேரம் நின்றேன். அணைத்தேன். துடைக்கவில்லை. பாத்திரத்தில் மிச்சமிருப்பது ஒரு டம்ளருக்குப் போதும், ஒரு டம்ளர்தானே வேண்டும்.

இத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, சின்னக் கள்ளம், யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டிருப்பேன். ஆனால் அவள் ஒருத்தரை முடிவு பண்ணிவிட்டாள். ஒரு ஹவில்தார். நல்ல ஆள், மார்பு நிமிர்த்தி, மீசை முறுக்கி, மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார், யாருக்குத்தான் அப்படி ஒரு பூட்டன் வேண்டாம். போனில் ஏதோ வைத்திருக்கிறாளாம், முகத்துக்கு முகம் ஒப்பிட்டுச் சொல்லுமாம், அவர் முகத்தையும் நம் வீட்டுச் சுவர்ப் படத்தையும் கொடுத்தாளாம், காது, தாடை எல்லாம் ஒத்துப்போகிறது என்று சொல்லிவிட்டதாம். கூடத்துக்கு வந்து நின்று பார்க்கிறேன். சுவரில் மூன்று படம். சுலோச்சனா கலரில், சின்ன பல்போடு. அதற்கு மேலே அப்பாவின் அம்மா, கறுப்பு வெள்ளையில், தோடு மட்டும் மின்னுகிறது. அவளுக்குப் பக்கத்தில் அவள் புருஷன், தொப்பியும் கோட்டும், தடித்த மீசையும். அவளுக்கு ஐம்பதுக்கு மேலே, அவருக்கு முப்பது. சண்டையில் சின்ன வயதில் செத்தவர் அப்படித்தானே இருப்பார் என்று ஊர் நினைத்தது, நானும் நினைத்தேன். என் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படங்களை இறக்கி, கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா குடிக்கத் தண்ணி கேட்கிற மாதிரி சொன்னார்: "அது நான்தான்டா." எனக்குப் புரியவில்லை. "எங்கப்பாவுக்கு ஏதுடா போட்டோ? ஸ்டுடியோக்காரன் தொப்பி, கோட்டு எல்லாம் வெச்சிருந்தான், போட்டுக்கினு உக்காந்தேன். மீசையை அவன்தான் மையால தடி பண்ணான்." ஏன்ப்பா என்றேன். "அம்மா படம் ஒத்தையாத் தொங்கிச்சு. பாக்க முடியல." உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று அப்பாவுக்குத் தெரியாதா. ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை தன் படத்துக்குத் தானே சந்தனம் வைத்து, தானே விழுந்து கும்பிட்டு, வடையைக் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார் மனுஷன். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சுலோச்சனாவுக்குக்கூடத் தெரியாமலே போய்விட்டது. இப்போது அந்தப் போன் மகன் முகத்தை வைத்துக்கொண்டு அப்பனைத் தேடிப்போய், யார் பெற்ற பிள்ளையையோ பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது. பிரேம் போட்டால் அதற்கும் மாலை விழும். டொராண்டோவில் ஒரு சுவரில் அந்த ஹவில்தார் முனிரத்தினம் ஆகிவிடுவார், நம்மவர் ஆற்றங்கரையில் முகமில்லாமல் நின்றுகொண்டே இருப்பார், தட்டோடு.

ஆனால் அவர்தானா. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உலகத்தில் காலைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பவர்கள் எங்கள் வீட்டில் மட்டுமா இருப்பார்கள். சேறு குளிர்ந்திருக்கும், அட்டை கடித்திருக்கும், முள் ஏறியிருக்கும், எவனும் அப்படி நிற்பான். டீக்கடையில், பிளாட்பாரத்தில், டிக்கெட் வரிசையில் இந்த ஒரு மாதமாக எல்லார் காலையும் பார்த்துவிட்டேன், ஒருவன் முறைத்தான், செருப்புத் திருடன் என்று நினைத்திருப்பான். ஒருத்தனும் அப்படி நிற்கவில்லை. ஒருத்தன் நின்றான், ஆனால் உடனே சொறிந்துவிட்டு இறக்கிவிட்டான், அது வேறு. இல்லை, அதுவும் அதுதானோ. எனக்கு வேண்டியதால் எனக்குத் தெரிகிறதோ என்னவோ. பிரேக் வேனில், அந்தக் கடைசிப் பெட்டியில், ராத்திரி முழுக்க நின்றபடி முன்னால் இருக்கும் எஞ்சினைப் பார்ப்பேன், வளைவு வந்தால்தான் விளக்குத் தெரியும், நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் தெரிகிற மாதிரியே இருக்கும், இதோ இதோ என்று, கண் தனக்கு வேண்டியதைத் தானே கொளுத்திக்கொள்ளும். அப்படித்தான் இதுவுமா. அப்போதும் இந்தக் கால் இப்படித்தான் ஏறி நின்றிருக்கும், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஒற்றைக் காலில் எப்படி விழாமல் இருந்தேனோ. அவர் தலையைத் திருப்பினாரே, எதற்கு. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். முனிரத்தினம் என்று. எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று அவர் மனைவி கடைசிவரை சொல்லவில்லை, அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் பேர் என்ன என்று வாத்தியார் கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வைத்தாளாம். பிள்ளை அன்றைக்குத்தான் தன் அப்பன் பேரைக் கேட்டான், அதுவும் அடுத்த வீட்டுக்காரி வாயால். நான் சொல்லிப் பார்க்கிறேன். முனிரத்தினம். கூடத்தில் யாரும் இல்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். முனிரத்தினம். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது, காலையிலிருந்து இதுதான் நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை. அவர் எதிர்பார்த்த குரல் இது இல்லை, அது நிச்சயம். ஆனால் யாராவது கூப்பிட வேண்டாமா ஒரு மனுஷனை. நான் கூப்பிடாவிட்டால் வேறு யார். மதிக்குத் தெரியாது, தெரிந்தவன் நான் ஒருத்தன், எனக்கு சுகர் வேறு. நான் போய்விட்டால் அந்தக் கால் யாருடையது என்று சொல்ல ஆள் இல்லை. சொன்னால் நாளையிலிருந்து இந்த வீட்டில் சாயங்காலம் இல்லை, மறுபடி ஞாயிற்றுக்கிழமை, மறுபடி நாய்க்குட்டி. சொல்லாவிட்டாலும் அதேதான், படம்தான் தீர்ந்துவிட்டதே. இது தெரியாமல் காலையிலிருந்து நான் என்னவோ தராசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விளக்கைப் போட்டேன். போன் அடிக்கிறது.

"அப்பா, டீ குடிச்சீங்களா?"

"ம், ஆச்சு."

"பொய். டம்ளரைக் காணோம்." மதி சிரிக்கிறாள். தலைமுடி இன்னும் வாரவில்லை, பின்னால் ஜன்னல் இருட்டாக இருக்கிறது. "சரி சொல்லுங்க. ஹவில்தாரை பிரேம் போட்டுடட்டுமா? காதைப் பாத்தீங்கல்ல? சுவத்துல இருக்கறவரேதான்."

"மதி, சுவத்துல இருக்கறது எங்கப்பா."

"எங்கப்பான்னா? தாத்தாவா? துரைக்கண்ணு தாத்தாவா?"

சொன்னேன். தொப்பி, கோட்டு, மை மீசை, அம்மா படம் ஒத்தையாகத் தொங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. காபியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப இத்தனை நாள் நாம எதை வெச்சுத் தேடினோம்? அப்ப அவர் எப்படி இருப்பார்னு யாருக்குமே தெரியாதாப்பா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். நுனிநாக்கு வரை வந்தது.

"தெரியும்" என்றேன். "நீ ரெண்டாவது நாள் அனுப்பின படம். ஆத்தங்கரை."

அவள் தேடி எடுக்கிறாள். விரல் நகம் திரையில் படுவது கேட்கிறது. "இதுவா? இதுல யாரு? ... அப்பா, மூஞ்சி இல்லாதவரா?"

"அவர்தான்."

"மூஞ்சே இல்லாம எப்படிப்பா சொல்றீங்க?"

"நீ இப்ப நின்னுக்கிட்டுதானே பேசறே?"

"ஆமா, கிச்சன்ல."

"அசையாதே. போனை மட்டும் கீழே திருப்பு."

படம் தடுமாறியது. கூரை, அலமாரி, மேடைக்குக் கீழே இருட்டு. அப்புறம் தரை. வெள்ளைத் தரையில் என் பெண்ணின் கால்கள், அவள் நடை பழகிய நாளுக்கப்புறம் நான் உற்றுப் பார்க்காத கால்கள். இடது காலின்மேல் வலது கால் ஏறி உட்கார்ந்திருந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது, படம் அங்கேயே நின்றது. அப்புறம் அந்தப் பெருவிரல் லேசாக அசைந்தது.

"அப்பா."

"ம்."

"உங்களுக்கு ரெண்டாவது நாளே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா மூணாவது நாள் கூப்பிட்டிருப்பியா?"

சொல்லிவிட்டேன். அவள் போனை முகத்துக்குத் திருப்பவும் இல்லை, காலை இறக்கவும் இல்லை. வெளியே ஒரு வண்டி வந்து, கடந்து போயிற்று. காலியா சரக்கா என்று நான் கவனிக்கவில்லை.

"அப்ப நாளைக்கு எதைப் பத்திப்பா பேசறது?" என்றாள் மதி. அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, கால் மட்டும்தான் தெரிகிறது.

"தரை ஜில்லுனு இருக்கும், கால்ல எதையாவது போட்டுக்கோ" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா."

எதிர்வீட்டு நாயைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். அடுத்து வெச்சிடட்டா என்று கேட்பாள் என்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.